முரசொலியும் சமப்படுத்தியும்

மேனாட்டு மெல்லிசைப் பாடலொன்று வானொலியில் ஒலிக்கும்போது, குரலுக்கும் பிற வாத்தியங்களுக்கும் அடியில் நின்று தாளத்தைத் தாங்குவது டிரம்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் முரசுத் தொகுதியாகும். காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பேஸ் டிரம், கீழ்த்தோலிற் கம்பிகள் பூட்டிய ஸ்னேயர், இரண்டு மூன்று டொம்-டொம்கள், கால்மிதியால் மூடித் திறக்கும் ஹை-ஹற், தண்டுகளிற் பொருத்திய சிம்பல்கள் என்பன அதன் உறுப்புகள். ஒருவரே கைகளாலும் கால்களாலும் இயக்கும் இக்கருவிகளைச் சுற்றி எட்டு, பத்து ஒலிவாங்கிகள் வைப்பது இக்கால வழக்கம். அவை பிடித்த ஒலிகளைக் கலந்து ஒரே முரசொலியாகச் செவிக்குத் தருபவர் கலவைப் பொறியியலாளர்.

ஒரு காலத்தில் பெருங்கூடங்களிலே சம்பளத்துக்கு அமர்ந்திருந்தோர் மாத்திரம் செய்த இவ்வேலையை இன்று வீட்டிற் கணினி வைத்திருக்கும் இளைஞனும் செய்கிறான். கணினியைத் திறந்ததும் அவன் முன்னே ஒரு நீண்ட பட்டியல் விரிகிறது. ஈக்குவலைசர் எனப்படும் சமப்படுத்திகள் ஒருபுறம். சமப்படுத்தியோடு வேறு சில உறுப்புகளையும் ஒருங்கே கொண்ட சனல் ஸ்ரிப்புகள் மறுபுறம். பிளக்-இன் என வழங்கும் இச்செயலிகளிற் பல, பழைய இரும்புப் பெட்டியொன்றின் முகத்தைக் குமிழ், ஆளி, எழுத்துத் தேய்வு உட்பட அப்படியே அணிந்திருக்கின்றன. எதனை எடுப்பது? விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒருபடித்தாகப் புகழ்கின்றன. அவன் கையிலுள்ள பணமோ அளவானது. அவனுக்கு வேண்டிய விடையிற் பெரும்பகுதி அந்த இரும்புப் பெட்டிகளின் வரலாற்றிலே கிடக்கிறது.

அவ்வரலாறு தொடங்கும் காலத்தில் முரசுக்கு ஒலிப்பதிவிலே இடமே இருக்கவில்லை. 1925ஆம் ஆண்டுக்கு முன்னர் இசைத்தட்டுகள் பொதுவாக மின்னாற் பதிவு செய்யப்படவில்லை. பெரிய ஊதுகுழலொன்றின் வாயினுள்ளே பாடுவர். காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். பேஸ் டிரத்தைப் பலமாக அடித்தால் ஊசி தடத்தை விட்டுத் துள்ளிவிடும். 1923ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், கிங் ஒலிவரின் ஜாஸ் குழுவினர் தம் முதற் பதிவுகளைச் செய்தனர். இளம் லூயி ஆம்ஸ்ட்ரோங் இரண்டாம் கோர்னற் வாசித்த பதிவுகள் அவை. நியூ ஓர்லியன்ஸ் நகரம் போற்றிய முரசுக் கலைஞர் பேபி டொட்ஸ் அங்கே தமது முழு முரசையும் முழக்க முடியாமல் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காத்தார். அருகே புகைவண்டிப் பாதை ஓடியமையால், வண்டி வரும்போதெல்லாம் பதிவையே நிறுத்தினார்களாம். டொட்ஸ் அந்நாளில் எவ்வாறு முழக்கினார் என்பதை அத்தட்டுகளிலிருந்து எவரும் அறிதல் இயலாது. ஒரு கலைஞனின் இளமை வாசிப்பு, கருவியின் குறையினாலே காற்றோடு போயிற்று.

1925இல், பெல் தொலைபேசி ஆய்வாளர்கள் உருவாக்கிய மின்முறை ஒலிப்பதிவை விக்டர், கொலம்பியா என்னும் இரு பெரும் இசைத்தட்டுக் கொம்பனிகளும் ஏற்றன. முரசு மெல்ல மெல்ல உள்ளே வந்தது. அதனோடு, தொலைபேசித் துறையிற் பிறந்த வேறொரு கருவியும் வந்தது, அதுவே சமப்படுத்தி.

அப்பெயரின் காரணம் அறியத்தக்கது. ஒலியின் உயரம் தாழ்வு, செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்னும் மீடிறனைப் பொறுத்தது. அதனை ஹேர்ட்ஸ் என்னும் அலகால் அளப்பர். பேச்சு நீண்ட கம்பியிலே செல்லும்போது தாழ்ந்த மீடிறன்கள் ஓரளவு பிழைத்துச் செல்ல, உயர்ந்த மீடிறன்கள் கூடுதலாகத் தேய்ந்துபோகும். மறுமுனையிற் கேட்பவருக்குக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலத் தோன்றும். 1915இல் நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் தொலைபேசியால் இணைத்த பொறியியலாளர்கள் இத்தகைய தேய்வுகளோடு போராடியவர்களே. தேய்ந்ததை வேண்டிய அளவுக்கு மீட்டு, எல்லா மீடிறன்களையும் சமநிலைக்குக் கொணரும் சுற்றுக்கு அவர்கள் துறையில் இட்ட பெயர்தான் சமப்படுத்தி. இழந்ததைத் திருப்பித் தருவதே அதன் கடமை. வானொலி நிலையங்கள் தொலைவிலுள்ள மண்டபத்திலிருந்து கம்பி வழியே இசையைப் பெற்றபோதும், பேசும் படம் வந்த பின்னர்த் திரையரங்கின் ஒலியைச் சீர்செய்தபோதும் இக்கடமையையே அது செய்தது. இல்லாத ஒலியொன்றைப் படைக்க அதனை எவரும் கேட்கவில்லை.

அந்த எல்லையைத் தாண்டிய பெட்டிகளுள் இன்றும் பேர்பெற்றது புல்ரெக். நியூ ஜேர்சி மாநிலத்தில் யூஜின் ஷென்க், ஒலிவர் சம்மர்லாண்ட் என்னும் இருவர் நடத்திய பல்ஸ் ரெக்னிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1951இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. சுருள்களும் மின்தேக்கிகளும் தடைகளும் கொண்ட சுற்று ஒலியைத் திருத்தும். திருத்துகையில் நேர்ந்த பலக்குறைவை வால்வுகள் ஈடுசெய்யும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தாழ்ந்த ஒலியை ஏற்றுவதற்கு ஒரு குமிழும் இறக்குவதற்கு வேறொரு குமிழும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் ஒருங்கே திருப்பினால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று யாரும் எண்ணுவர். ஆனால் இரண்டின் வளைகோடுகளும் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே மிகத் தாழ்ந்த பகுதி உயர்ந்து, அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விழுகிறது. பேஸ் டிரத்துக்கு இதனிலும் ஏற்றது வேறில்லை எனலாம். 60 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள கனம் பெருகும்; 200, 300 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள, மரப்பெட்டியைத் தட்டினாற்போன்ற குழப்பம் குறையும். மிருதங்கத்தின் இடந்தலையிலே ரவையைப் பூசித் தொனியைத் தாழ்த்தும் வித்துவான் தோலிற் செய்வதற்கு ஒப்பான ஒன்றை இது கம்பியிலே செய்கிறது. பிழையென்று தள்ளியிருக்கக்கூடிய ஒரு பொருத்தமின்மை, பின்வந்தோர் கையிலே உத்தியாகியது.

இங்கிலாந்தில் நிலைமை வேறாயிருந்தது. இலண்டன் ஏபி வீதியிலிருந்த ஈ.எம்.ஐ. கூடத்திலே தம் பொறியியலாளரே வடிவமைத்த ரெட் என்னும் கலவை மேசைகள் 1960களிற் பயன்பட்டன. ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தாழ்வு, உயர்வு என இரண்டே திருத்தங்கள். அத்திருத்தச் சுற்றோ கழற்றிப் பூட்டத்தக்க சிறு பெட்டியாக இருந்தது. மெல்லிசைக்கு ‘பொப்’, சாஸ்திரிய இசைக்கு ‘கிளாசிக்’ என இருவகைப் பெட்டிகள் இருந்தன. பிளக்-இன் என்ற சொல் கணினிக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, சமப்படுத்தி உண்மையிலேயே செருகிக் கழற்றும் பொருளாக இருந்தமை சுவையான செய்தி.

அந்தக் கூடத்தில் 1966 ஏப்ரல் 6ஆம் நாள் நடந்த பதிவு முரசொலியின் வரலாற்றிலே தனி இடம் பெறுவது. பீட்டில்ஸ் குழுவினர் தம் ‘ருமோரோ நெவர் நோஸ்’ பாடலைப் பதியத் தொடங்கிய நாள் அது. பொறியியலாளராக அமர்ந்த ஜெவ் எமரிக்குக்கு வயது இருபது. கருவிகளுக்கு இத்தனை தூரத்துக்குள் ஒலிவாங்கி வரலாகாது என்ற விதி அங்கே இருந்தது. அவர் அவ்விதியை மீறி, றிங்கோ ஸ்ராரின் பேஸ் டிரத்தை ஒட்டினாற்போல ஒலிவாங்கியை நகர்த்தினார். அதிர்வை அடக்க, நான்கு கழுத்துகள் உடைய ஒரு கம்பளிச் சட்டையை முரசினுள்ளே திணித்தார். வந்த ஒலியை ஃபெயார்சைல்ட் என்னும் வால்வு ஒடுக்கியால் நெருக்கினார். அன்று பிறந்த ஒலியிலே சமப்படுத்தியின் பங்கு சிறிது. சட்டையின் பங்கு பெரிது. புகழ்பெற்ற முரசொலியின் படத்தைத் திரையிற் பார்த்துப் பெட்டியைத் தேடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒலிவாங்கி அருகே வந்ததும் புதிய தேவை ஒன்று பிறந்தது. ஓரடி தூரத்திலே கேட்கும் முரசு வேறு. தோலுக்கு இரண்டு அங்குலத்திலே கேட்கும் முரசு வேறு. பின்னதில் அடியின் மோதலும் தோலின் முனகலும் மிகுந்து, முரசின் முழுவடிவம் மறைகிறது. பதிவு நாடாவிலே நான்கு தடங்கள் எட்டாகி, பதினாறாகி, இருபத்துநான்காகப் பெருகியபோது முரசுக்கே பல தடங்கள் ஒதுக்கும் வசதி உண்டாயிற்று. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல சமப்படுத்தி வேண்டப்பட்டது. அமெரிக்காவில் சோல் வோக்கர் வடிவமைத்த ஏ.பி.ஐ. 550 வந்தது. குறைவாகத் திருப்பினால் அகலமான பகுதியைத் தொடும்; கூடத் திருப்பக் கூடத் தொடும் பகுதி குறுகும். அவசரக் கைக்கும் பெருங்கேடு விளையாத அமைப்பு இது. ஸ்னேயருக்கு இதனைப் பலர் விரும்புவதற்கு இதுவே காரணமாகலாம்.

இங்கிலாந்தில் றூபேர்ட் நீவ் 1970இல் 1073 என்ற உறுப்பை, இலண்டன் வெசெக்ஸ் கூடத்து மேசைக்காக வடிவமைத்தார். ஒலிவாங்கியின் மெல்லிய மின்னைப் பெருக்கும் பகுதியும் சமப்படுத்தியும் அதில் ஒன்றாக அமைந்தன. உயர்ந்த பகுதிக்கு 12,000 ஹேர்ட்ஸ் என்னும் ஒரே இடம். தாழ்ந்த பகுதிக்கு 35, 60, 110, 220 என நான்கே இடங்கள். நடுப்பகுதிக்கு 360 முதல் 7,200 வரை ஆறு இடங்கள். இடையில் நிறுத்த வழியில்லை. இந்த எண்களை இட்டவர் நல்ல செவியுடையவர் என்பது, அவற்றின் முன் அமர்ந்து ஸ்னேயரைத் திருத்தியவர்களுக்கு விளங்கும். நீவ் 2021இல், தமது தொண்ணூற்றைந்தாம் வயதை எட்டுமுன்னர், ரெக்சாஸ் மாநிலத்திற் காலமானார்.

இடையில் நிறுத்த வழியில்லை என்ற குறையை அமெரிக்க இளைஞர் ஜோர்ஜ் மாசன்பேர்க் 1972இல் நீக்கினார். மீடிறன், ஏற்ற இறக்கம், அகலம் ஆகிய மூன்றையும் விரும்பியவாறு தனித்தனியே மாற்றத்தக்க சமப்படுத்தியை விளக்கி, ஒலிப்பொறியியற் சங்கக் கூட்டத்திலே அவர் கட்டுரை படித்தார். பராமெற்றிக் என்ற பெயர் அதிலிருந்து நிலைபெற்றது. இனி டொம்-டொம்மின் முனகல் எங்கே நின்றாலும் அதனைத் தேடிப் பிடித்து நறுக்கலாம். இன்று கணினித் திரையிலே கோட்டை இழுத்து வளைக்கும் எல்லாச் சமப்படுத்திகளும் அந்தக் கட்டுரையின் வழித்தோன்றல்களே.

இவ்வாறிருக்க, ஒக்ஸ்ஃபோர்ட் நகருக்கு அருகே கொலின் சாண்டேர்ஸ் நிறுவிய சொலிட் ஸ்ரேற் லொஜிக் என்னும் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் ஒரு துணிவான காரியம் செய்தது. சமப்படுத்தி மாத்திரமன்றி, ஒலியின் மேடுபள்ளத்தைக் குறைக்கும் ஒடுக்கியையும், மெல்லொலி வந்தால் வழியை அடைத்துவிடும் கேற் என்னும் வாயிலையும் தன் 4000 வரிசை மேசையின் ஒவ்வொரு வழியிலும் அது நிரந்தரமாகப் பொருத்திற்று. மேலிருந்து கீழாக நீண்ட ஒரு பட்டியில் எல்லாம் அடங்கின. இன்றைய சனல் ஸ்ரிப் பிளக்-இன்களிற் பெரும்பாலானவை பின்பற்றுவது இந்தப் பட்டியைத்தான்.

அம்மேசையொன்றின் முன்னே, இலண்டன் ரவுன்ஹவுஸ் கூடத்தில், பீற்றர் கேப்ரியலின் மூன்றாம் இசைத்தட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. கற்சுவர் அறையில் பில் கொலின்ஸ் முரசருகே அமர்ந்திருந்தார். உள்ளிருப்போர் பேசுவதைக் கேட்பதற்கென அறையிலே தொங்கிய ஒலிவாங்கிக்குக் கடுமையான ஒடுக்கி ஒன்று பூட்டப்பட்டிருந்தது. பொறியியலாளர் ஹியூ பட்காம் அதனைத் திறந்த வேளையிற் கொலின்ஸ் முரசை அடிக்க, அறையே வெடித்தாற்போன்ற முழக்கம் வெளியே கேட்டது. அதனை வாயிலால் சட்டென அறுத்தபோது, பேரொலி ஒன்று எழுந்து எதிரொலியின்றி அமைதியில் விழுந்தது. பேச்சுக்கான அந்த வழியைப் பதிவுக்கு ஏற்றவாறு கம்பி மாற்றிக் கட்டினர். சிம்பல்களை அறவே நீக்கும்படி கேப்ரியல் பணித்திருந்தமையும் இதற்குத் துணையாயிற்று. அவை ஒலித்திருந்தால் வாயில் இவ்வளவு சுத்தமாக மூடியிராது. 1980இல் அத்தட்டும், அடுத்த ஆண்டிற் கொலின்ஸின் ‘இன் தி எயர் ருநைட்’ பாடலும் வெளிவந்தபின், பத்தாண்டுக் காலம் உலகமெங்கும் முரசு அவ்வாறே முழங்கிற்று. வன்மையாக அடிப்பதற்கும் மென்மையாக வருடுவதற்கும் இடையிலே நிற்கும் நூறு நிலைகள் அந்த நாகரிகத்தில் அடிபட்டுப்போயின. ஸ்னேயரில் மெல்லிதாகத் தூவும் அடிகள் வாயிலைத் திறக்கும் பலமில்லாதவை. ஆதலால் அவை வெளியே வரவில்லை. 1923இற் பேபி டொட்ஸின் கையை ஊசி தடுத்தது. அறுபது ஆண்டுகளின் பின் அதே வேலையை ஒரு குமிழ் செய்தது. முன்னது இயலாமை, பின்னது விருப்பம் என்ற வேறுபாடு உண்டுதான்.

இனிக் கணினிக்கு வருவோம். புரோ ரூல்ஸ் என்ற பதிவுச் செயலி 1991இல் வெளிவந்தது. 1992இல் இஸ்ரேலிலே தொடங்கிய வேவ்ஸ் நிறுவனத்தின் கியூ10 என்னும் பத்துப் பிரிவுச் சமப்படுத்தி, விற்பனைக்கு வந்த முதற் பிளக்-இன்களுள் ஒன்று. ஹம்பேர்க் நகரத்து ஸ்ரெயின்பேர்க் நிறுவனம் 1996இல் வெளியிட்ட வி.எஸ்.ரி. என்னும் முறை, பிறரும் பிளக்-இன் எழுதுவதற்குக் கதவைத் திறந்துவிட்டது. அடுத்த பத்தாண்டினுள் புல்ரெக், நீவ், ஏ.பி.ஐ., சொலிட் ஸ்ரேற் லொஜிக் ஆகிய யாவும் கணிதமாகித் திரையில் வந்தன.

இவற்றிடையே உண்மையான வேறுபாடு என்ன? இங்கேதான் இளைஞனின் பணம் பெரும்பாலும் வீணாகிறது. பழைய சுற்றுகளைப் போன்ற சாதாரணச் சமப்படுத்திகள் இரண்டை எடுத்து, அவற்றின் வளைகோடுகளை மிக நுணுக்கமாக ஒன்றாக்கினால், ஒலியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டிப் பார்த்தால் எஞ்சுவது மிகச் சிறிதே. எஞ்சும் வேறுபாட்டுக்கு ஓரிரு காரணங்கள் உண்டு. வால்வும் மின்மாற்றியும் பலமான அடிக்குச் சற்றே திரிந்து, இல்லாத மேற்சுரங்களைச் சேர்க்கும். சில பிளக்-இன்கள் அதனையும் கணக்கிடுகின்றன. மற்றது கணினிக்கே உரிய குறை. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவிலே 22,050 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. எளிய கணிதத்தாற் செய்த சமப்படுத்தியின் வளைகோடு அந்த எல்லையை நெருங்குகையில் நசுங்கிவிடும். சிம்பலின் மினுமினுப்பை ஏற்றும்போது ஆரம்பகாலச் செயலிகள் கரகரத்தமைக்கு இதுவும் காரணம் எனலாம். சோபோகிளிஸ் ஓர்பானிடிஸ் என்ற அறிஞர் 1997இல் இதற்குத் தீர்வொன்றை வெளியிட்டார். இக்காலத்து நல்ல செயலிகளில் இக்குறை பெரும்பாலும் இல்லை.

ஆகவே முகத்தைப் பார்த்துத் தேர்வதைவிட வேலையைப் பார்த்துத் தேர்வதே முறை. முரசிலே முதலாவது தொல்லை கசிவு. ஸ்னேயருக்கு வைத்த ஒலிவாங்கியிலே ஹை-ஹற்றும் கேட்கும். ஸ்னேயருக்குத் தெளிவு வேண்டி 8,000 ஹேர்ட்ஸில் ஏற்றுகிறவன், தன்னை அறியாமலே ஹை-ஹற்றை உரத்துக் கூவச் செய்கிறான். எந்த விலையுயர்ந்த பிளக்-இன்னும் இதனைப் பிரித்தறியாது. இரண்டாவது தொல்லை நேரம். ஒலி ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் ஆகும். ஸ்னேயரின் அடி, தலைக்கு மேலே தொங்கும் ஒலிவாங்கியை அவ்வளவு பிந்தியே சேர்கிறது. இரண்டையும் கூட்டும்போது 170 ஹேர்ட்ஸை அண்டிய அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேயரின் உடல் இருப்பதே அந்த இடத்துக்கு அண்மையில். உடல் மெலிந்துவிட்டதென்று 200 ஹேர்ட்ஸை மேலும் மேலும் ஏற்றுகிறவன், ஒலிவாங்கியை ஒரு சாண் நகர்த்தியிருந்தாலோ, முனையை மாற்றும் ஆளியைத் தட்டிப் பார்த்திருந்தாலோ அவ்வேலை மிஞ்சியிருக்கும். நேரக்குழப்பம் இல்லையென்று விளம்பரப்படுத்தும் நேர்கட்டச் சமப்படுத்திகளும் உள்ளன. அவை முழுப்பாடலுக்கு உதவலாம். முரசிலோ, அடி விழுவதற்கு முன்னரே அதன் நிழல்போன்ற ஒலியொன்றைக் கேட்கச் செய்து, அடியின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன.

பேஸ் டிரத்துக்குப் புல்ரெக் வகை. ஸ்னேயருக்கும் டொம்முக்கும் ஏ.பி.ஐ. அல்லது நீவ் வகை; முனகலைத் தேடி நறுக்குவதற்கு மாசன்பேர்க் வழிவந்த சாதாரணப் பராமெற்றிக்; எல்லா முரசுகளையும் விரைந்து ஒரு குடும்பமாக்குவதற்குச் சொலிட் ஸ்ரேற் வகைச் சனல் ஸ்ரிப். பொறியியலாளரிடையே பொதுவாக நிலவும் பழக்கம் இது. இப்பழக்கத்தின் பயன், ஒலியின் மாயத்தைவிடக் கையின் கட்டுப்பாட்டிலே அதிகம் தங்கியிருக்கிறது. நான்கே இடங்களில் நிற்கும் குமிழ் முடிவை விரைவுபடுத்துகிறது. எங்கும் நிற்கும் குமிழ் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்கிறது. ஏற்றிய ஒலி உரத்துக் கேட்பதனாலேயே நல்லதாகத் தோன்றும் என்பதையும் நினைவிற் கொண்டு, பலத்தைச் சமமாக வைத்தே ஒப்பிட வேண்டும். பதிவுச் செயலியோடு இலவசமாக வரும் சமப்படுத்தியைக் கொண்டே இவ்வேலைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்யலாம் என்பது, இக்கலையைக் கற்க விரும்பும் ஏழை மாணவனுக்கு நல்ல செய்தி.

1971இல் வெளிவந்த லெட் செப்பெலினின் நான்காம் தட்டிலே ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்ற பாடல் உண்டு. ஹம்ப்ஷயர் மாவட்டத்துப் பழைய மாளிகையொன்றின் மாடிப்படி அடியிலே ஜோன் பொன்ஹம் முரசை வைத்தார். படியின் மேலிருந்து இரண்டே ஒலிவாங்கிகள் அவ்வொலியைப் பிடித்தன. முரசுக்கு ஓர் ஒலிவாங்கி வீதம் வைத்துச் சனல் ஸ்ரிப்புகளால் திருத்துவோர் அரை நூற்றாண்டுக்கு மேலாக எட்ட முயலும் ஒலிகளுள் அதுவும் ஒன்று.

பிளக்-இன் செய்வோர் மறுதிசையிலே வெகுதூரம் போய்விட்டனர். ஜேர்மனியின் பிறெயின்வேர்க்ஸ் நிறுவனம் பழைய நீவ் மேசையொன்றைக் கணினியில் அமைத்தபோது, உறுப்புகளின் சிறு ஏற்றத்தாழ்வுகளையும் கணக்கிட்டு, ஒன்றுபோல் ஒன்றில்லாத எழுபத்திரண்டு வழிகளைப் படைத்தது. வேவ்ஸ் நிறுவனத்தின் புல்ரெக் வடிவத்திலோ பழைய பெட்டியின் மின்னிரைச்சலும் உண்டு. ஐரோப்பாவுக்குரிய 50 ஹேர்ட்ஸா, அமெரிக்காவுக்குரிய 60 ஹேர்ட்ஸா எனத் தெரிந்துகொள்ள ஓர் ஆளி வைத்திருக்கிறார்கள். ஷென்க்கும் சம்மர்லாண்டும் கேட்கவே கூடாதென்று பாடுபட்டு அடக்கிய இரைச்சல் அது. நல்லவேளையாக, அந்த ஆளிக்கு மூன்றாவது நிலையொன்றும் உண்டு: அணைப்பு.